கோலாலம்பூரில் வேலை கிடைத்துவிட்டது. குடும்பத்தை எப்போது அழைத்துப்போவது?

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 34. சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளம் 3,300 ரிங்கிட். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை, அவருக்கு 1,700 ரிங்கிட். மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், மகனுக்கு நான்கு வயது. அம்மாவின் வீட்டில் இருப்பதால் வாடகை கிடையாது. அம்மாவின் கைச்செலவுக்கு மாதம் 300 கொடுக்கிறேன். கார் தவணை 520, பி.டி.பி.டி.என் கல்விக்கடன் 150, சேமிப்பு 6,500 ரிங்கிட். கோலாலம்பூர் கெரிஞ்சியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளராக 5,000 ரிங்கிட் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும். மனைவி வேலையை விட்டுவிட்டுக் குடும்பமாகக் கிளம்புவதாக இருக்கிறோம். செந்தூலில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு பார்த்தோம், வாடகை 1,500. ரவாங்கில் ஒரு தரை வீடு 1,050. கிள்ளானில் இருக்கும் மைத்துனர், எல்லோரும் தன் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்கிறார். கெரிஞ்சி பக்கமே ஒரு பி.பி.ஆர் வீடு (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு வாடகை வீடு) 500 ரிங்கிட்டுக்குக் கைமாற்றாகக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். தொலைபேசியில் விசாரித்த இரண்டு இடங்களில் “இந்தியர்களுக்கு வீடு இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். செந்தூல் வீட்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் 1,500 ரிங்கிட் பதிவுத்தொகை அனுப்பச் சொல்கிறார் முகவர். முன்பணத்துக்காக 10,000 ரிங்கிட் தனிநபர் கடன் எடுக்கலாமா? எவ்வளவு வாடகை எங்களுக்குத் தாங்கும்?

பதில்:

அன்புத் தம்பிக்கு வணக்கம்.

முதலில் வாழ்த்துகள். முதுகு ஒடிய வேலை பார்த்து ஒரு படி மேலே வந்திருக்கிறீர்கள். அந்தப் படியிலேயே கால் இடறிவிடக்கூடாது என்ற கவலையில்தான் சற்று நீளமாக எழுதுகிறேன். மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். இதில் பாதி அவருக்கு எழுதியது.

உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருந்தும் கூட்டிப் பார்க்காத கணக்கு ஒன்று இருக்கிறது. இன்று உங்கள் 3,300, மனைவியின் 1,700, சேர்த்தால் 5,000. நாளை உங்கள் சம்பளம் 5,000, மனைவிக்கு ஒன்றுமில்லை. அதுவும் 5,000தான். கைக்கு வரும் பணத்தைப் பார்த்தாலும் மாற்றமில்லை. இ.பி.எஃப் என்னும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வேலைக் காப்புறுதிச் சந்தா எல்லாம் போக இன்று இருவரும் வீட்டுக்குக் கொண்டுவருவது ஏறத்தாழ 4,400 ரிங்கிட். புதிய வேலையில் நீங்கள் ஒருவர் கொண்டுவரப்போவது, மாத வருமான வரிக் கழிவும் சேர்ந்துகொள்வதால், 4,350 பக்கம் நிற்கும். ஆக, குடும்பத்துக்குச் சம்பள உயர்வு என்று எதுவும் இல்லை. இதுவரை இல்லாத வாடகை மட்டும் புதிதாக வந்து சேர்கிறது.

இந்த வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். மேற்பார்வையாளர் என்ற பெயரும் கோலாலம்பூர் அனுபவமும் இன்னும் மூன்று ஆண்டில் உங்களை வேறு உயரத்துக்குக் கொண்டுபோகும். ஆனால் ஜூலை முதல் தேதி போக வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். வீடும் குடும்பமும் ஆண்டு இறுதியில் வரட்டும், மனைவிக்கு அங்கே ஒரு வேலை உறுதியான பிறகு வரட்டும். எந்த ஊரில் வீடு என்பதைவிட மனைவிக்கு எப்போது வேலை என்பதுதான் உங்கள் வாடகையை முடிவு செய்யப்போகிறது.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன். 4,350இல் கார், கல்விக்கடன், அம்மாவுக்குக் கொடுப்பது மூன்றும் 970. மீதி 3,380. நான்கு பேருக்குச் சாப்பாடும் சமையல் எரிவாயுவும் 1,100. மின்சாரம், தண்ணீர், கைப்பேசி, இணையம் 350. பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வேனும் 300. மருந்து, கார் காப்புறுதிக்கும் சாலை வரிக்கும் மாதாமாதம் ஒதுக்குவது, தீபாவளி, ஊருக்குப் போய்வருவது எல்லாவற்றுக்கும் 400. ஆபத்துக்கு 200. இதில் எதையும் நான் தாராளமாகப் போடவில்லை. 1,100 ரிங்கிட்டில் கோலாலம்பூரில் நால்வர் சாப்பிட வேண்டுமென்றால் உங்கள் மனைவி தினமும் சமைக்க வேண்டும், கடை ரொட்டி சானாய்கூட எண்ணித்தான் வாங்க வேண்டும். இதெல்லாம் போனால் மிஞ்சுவது 1,030. அதில் உங்கள் பயண அட்டைக்கும் வாரக்கடைசி பெட்ரோலுக்கும் 130 எடுத்துவிட்டால் வாடகைக்கு நிற்பது 900 ரிங்கிட்.

ஒற்றைச் சம்பளத்தில் உங்கள் எல்லை இந்த 900தான். செந்தூல் அதற்குள் வராது, மலிவு என்று நீங்கள் நினைக்கும் ரவாங்கும் வராது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகை என்று ஊரெல்லாம் ஒரு கணக்குச் சொல்வார்கள். கார் தவணையும் கல்விக்கடனும் பெற்ற தாயும் இல்லாதவருக்குப் போட்ட கணக்கு அது. நம் வீடுகளில் அம்மாவுக்குக் கொடுக்கும் 300ஐ எந்தக் கணக்கிலும் வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. அதனால் எல்லாவற்றையும் கொடுத்த பிறகு மிஞ்சுவதைப் பார்த்துத்தான் வாடகையை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து, சாவி வாங்கும் நாள். மாத வாடகையை எப்படியோ சமாளித்துவிடலாம் என்று நினைத்து வருபவர்கள் பலர் விழுவது அந்த ஒரு நாளில்தான். கோலாலம்பூரில் வழக்கம் இப்படி: இரண்டு மாத வாடகை பாதுகாப்பு வைப்புத்தொகை, அரை மாத வாடகை மின்சார, தண்ணீர் வைப்புத்தொகை, முதல் மாத வாடகை முன்கூட்டியே. மொத்தம் மூன்றரை மாதம். 1,500 ரிங்கிட் வீட்டுக்கு 5,250. அடுக்குமாடியில் வாசல் அட்டைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் தனி முன்பணம் கேட்பார்கள். இவற்றோடு சுங்கை பட்டாணியிலிருந்து லாரி, மின்விசிறி, அடுப்பு, திரைச்சீலை. உங்கள் 6,500 அந்த வாரமே கரைந்துவிடும். முதல் சம்பளமோ ஜூலை கடைசியில்தான் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு எதிரே ஓர் இளம் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். கூலிமிலிருந்து குடிபெயர்ந்தவர்கள், கைக்குழந்தையோடு. சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட்டுக் குடியேறிய மூன்றாம் நாள் இரவு வீட்டில் மின்சாரம் நின்றுபோனது. முன்பு குடியிருந்தவர் மின்கட்டணத்தை மாதக்கணக்கில் கட்டாமல் விட்டிருக்கிறார். வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. குழந்தைக்கு வியர்க்காமல் இருக்கப் பள்ளி நோட்டுப் புத்தக அட்டையால் விடியும்வரை விசிறிக்கொண்டிருந்ததாக அந்தப் பெண் சொன்னார். அதே நோட்டைத்தான் கணக்குக் காட்டவும் கொண்டுவந்திருந்தார். கடைசிப் பக்கத்தில் கையிருப்பு 11 ரிங்கிட் என்று எழுதியிருந்தது. நிலுவையைக் கட்டக் கையில் பணம் இல்லாததால் அவர்கள் போய் நின்றது ஆலோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரரிடம். அந்தக் கடனை முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. சாவி வாங்கிய மறுநாளும் கையில் குறைந்தது ஒரு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் ஒழியக் குடும்பத்தோடு கிளம்பாதீர்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் பிடிவாதமாகச் சொல்வது அவர்களைப் பார்த்த பிறகுதான்.

தனிநபர் கடன் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 8 விழுக்காடு நிலை வட்டியில் 10,000 ரிங்கிட்டை மூன்று ஆண்டுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 2,400, மாதத் தவணை 345. உங்களிடம் வாடகைக்கு இருப்பதே 900. அதிலிருந்து 345ஐ எடுத்துவிட்டால் 555 ரிங்கிட்டுக்கு வீடு தேட வேண்டும். வைப்புத்தொகை வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் கிடக்கும், நீங்கள் மட்டும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். மே 2024 முதல் இ.பி.எஃப்-இல் ‘ஃப்ளெக்ஸிபல்’ கணக்கு என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கடனைவிட அது மேல். ஆனாலும் அது உங்கள் முதுமைக்கான காசு. நான் சொல்லும் வழியில் போனால் அதைத் தொடவே தேவையில்லை.

அந்த வழியைச் சொல்கிறேன். ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஐந்து மாதம் நீங்கள் மட்டும் கோலாலம்பூரில் இருங்கள். மனைவியின் வேலை தொடரும், மகளின் பள்ளி தொடரும், அம்மாவின் துணையும் இருக்கும். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 5,800 பக்கம் வரும். கார் தவணையும் கல்விக்கடனும் 670. உங்களுக்கு அறை வாடகை 600, சாப்பாடு 600, பயண அட்டை 50, மாதம் இருமுறை ஊருக்குப் போய்வர 250, கைச்செலவு 100. அம்மாவுக்குக் கொடுப்பதையும் சேர்த்து ஊரில் வீட்டுச் செலவு 2,000. மாதம் 1,500 ரிங்கிட் மிஞ்ச வேண்டும். ஐந்து மாதத்தில் 7,500. இப்போதுள்ள 6,500ஐச் சேர்த்தால் 14,000. அதைக் கையில் வைத்துக்கொண்டு டிசம்பரில் வீடு பாருங்கள். முகவரிடம் நீங்கள் பேசும் தொனியே மாறியிருக்கும்.

டிசம்பர் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியிலேயே தொடங்குகிறது. நடு ஆண்டில் பிள்ளையைப் பிடுங்கி வேறு பள்ளியில் நட வேண்டாம். மகள் இரண்டாம் ஆண்டைத் தன் தோழிகளோடு முடித்துவிட்டு, புது ஊரில் மூன்றாம் ஆண்டின் முதல் நாளிலேயே எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து வகுப்பில் உட்காரட்டும். இடமாற்றம் பற்றி இப்போதைய பள்ளியில் அக்டோபரிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். செந்தூல் பக்கம் வருவதானால் தம்புசாமி பிள்ளை தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பத்துமலையிலும் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பள்ளியில் இடம் உண்டா என்று கேட்ட பிறகு வீட்டுக்கு முன்பணம் கட்டுங்கள். வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடினால் வேன் கட்டணமே இன்னொரு வாடகையாக வந்து நிற்கும்.

ஐந்து மாதப் பிரிவு சுலபம் என்று நான் நினைக்கவில்லை. நான்கு வயதுப் பையன் ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் பையைப் பிடித்துக்கொண்டு அழுவான். மனைவி இரு பிள்ளைகளையும் வேலையையும் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டும். அம்மாவிடமும் இதை இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள், அவருக்கும் வேலை கூடும். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து சுங்கை பட்டாணிக்கு இ.டி.எஸ் ரயில் இருக்கிறது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து, எந்தெந்த வாரம் வருவேன் என்று மகளுக்கு நாள்காட்டியில் வட்டம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். போட்ட வட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

இனி இடங்கள். ரவாங் வீட்டின் 1,050ஐ மட்டும் பார்க்காதீர்கள், வீட்டு வாடகையையும் வேலைக்குப் போகும் செலவையும் எப்போதும் ஒன்றாகக் கூட்டுங்கள். ரவாங்கிலிருந்து காரில் போனால் பெட்ரோல், டோல், வாகன நிறுத்தம் மூன்றுக்கும் நாளொன்றுக்கு 22 ரிங்கிட் என்று வையுங்கள். 24 வேலை நாளுக்கு 528. வாடகையோடு சேர்த்தால் 1,578. செந்தூலில் வாடகை 1,500, அங்கிருந்து எல்.ஆர்.டி-யில் மஸ்ஜித் ஜாமெக் போய், கிளானா ஜெயா தடத்துக்கு மாறினால் கெரிஞ்சியில் இறங்கலாம். மை50 அட்டை மாதம் 50 ரிங்கிட்தான், மலேசியக் குடிமக்கள் எல்.ஆர்.டி, எம்.ஆர்.டி, மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாவற்றிலும் மாதம் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். மொத்தம் 1,550. ‘மலிவான’ ரவாங்தான் 28 ரிங்கிட் அதிகம். அதோடு தினமும் இரண்டு மணி நேரம் சாலையில் போய்விடும்.

ரவாங்கிலிருந்து கொம்யூட்டர் ரயில் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அப்துல்லா ஹுக்கூம் நிலையம்வரை ஒரே ரயிலில் வந்து, அங்கிருந்து எல்.ஆர்.டி-யில் ஒரே நிறுத்தம், கெரிஞ்சி. செலவும் குறையும். ஆனால் மை50 அட்டை கொம்யூட்டருக்குச் செல்லாது. ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது எல்.ஆர்.டி போலச் சில நிமிடத்தில் வந்துவிடாது. அலுவலகத்தில் ஒன்பது மணிக்கு மேசையில் உட்காரும் வேலை என்றால் சமாளிக்கலாம். உங்கள் வேலை அப்படியில்லை. நள்ளிரவில் தண்ணீர்க் குழாய் வெடித்தால், மின்தூக்கியில் ஆள் மாட்டிக்கொண்டால், முதல் அழைப்பு உங்களுக்குத்தான் வரும். அந்த நேரத்தில் ரயில் இருக்காது. அதனால்தான் ரவாங் வேண்டாம் என்கிறேன்.

செந்தூல் எனக்கும் பிடித்த ஊர். ரயில்வே பட்டறையை ஒட்டி நம்மவர்கள் குடியேறி வளர்ந்த இடம். கோயில், மளிகைக்கடை, தமிழ்ப்பள்ளி எல்லாம் நடை தூரம். மனைவி அங்கே தனித்துப்போக மாட்டார். ஆனால் அது ஜனவரிக்கான வீடு. மனைவிக்கு 1,800 ரிங்கிட்டில் வேலை அமைந்தால் கைக்கு 1,590 வரும். பள்ளி விட்ட பிறகு மகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு 300, அவருடைய பயணத்துக்கு 50 போனாலும் 1,240 நிற்கும். உங்கள் 900ஐச் சேர்த்தால் 2,140. அதற்காக 2,100க்கு வீடு பார்க்காதீர்கள். 1,500ஐத் தாண்டாதீர்கள், மீதி 640 ஒவ்வொரு மாதமும் ஒதுங்கட்டும். இருவரில் ஒருவர் வேலை இரண்டு மாதம் நின்றாலும் வீடு நிற்க வேண்டும்.

மனைவிக்கு ஒரு வார்த்தை. அம்மா, கணவரோடு போவதற்காக வேலையை விடுவது தியாகம் என்று நம் வீடுகளில் பழகிவிட்டோம். உங்கள் 1,700 சின்னச் சம்பளம் இல்லை. இந்தக் குடும்பத்தின் வாடகை அதில்தான் இருக்கிறது. பாலர் பள்ளி அனுபவத்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தேவை இருக்கிறது. ஆகஸ்டிலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். மகனையும் அதே பாலர் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா, ஊழியருக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். இன்னொன்று. நீங்கள் வேலையை விட்ட மாதத்திலிருந்து உங்கள் இ.பி.எஃப் கணக்கில் ஒரு காசு ஏறாது, சேமிப்பு முழுவதும் கணவர் பெயரிலேயே சேரும். இடையில் சில மாதம் வேலை இல்லாமல் போனால், கணவர் தன் பங்கிலிருந்து 2 விழுக்காட்டை மனைவியின் கணக்குக்கு மாற்றும் ‘ஐ-சாயாங்’ திட்டத்துக்கு அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மைத்துனர் வீட்டை ஜூலை மாதத்துக்கு மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், நீங்கள் ஒருவர் மட்டும். கிள்ளானிலிருந்தும் கொம்யூட்டரில் அப்துல்லா ஹுக்கூமுக்கு நேரே வரலாம். முதல் நாளே ஜூலை 31 வரை என்று தேதி சொல்லிவிடுங்கள். பணம் வேண்டாம் என்பார், அரிசியும் மளிகையும் வாங்கிப் போடுங்கள். அந்த ஒரு மாதத்தில் மாலை நேரங்களில் கெரிஞ்சி, பந்தாய் டாலாம் பக்கம் நடந்து, கண்ணால் பார்த்து அறை பிடியுங்கள். நால்வராகப் போய் இன்னொருவர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் சமையலறையில்தான் முதல் மனத்தாங்கல் வரும், உறவு போன பிறகு வாடகை மிச்சமானதில் என்ன பயன்?

பி.பி.ஆர் வீட்டைக் கைமாற்றாக எடுப்பதை மறந்துவிடுங்கள். அந்த வீடுகளின் வாடகை நீண்ட காலமாக 124 ரிங்கிட். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக மாநகர மன்றம் கொடுப்பது அது. உங்கள் வருமானத்துக்கு நேரடியாகக் கிடைக்காது. தன் பெயரில் வாங்கி 500க்கு விடுபவர் ஒப்பந்தத்தை மீறுகிறார். சோதனை வந்தால் வெளியேற்றப்படுவது நீங்கள், கட்டிய முன்பணத்தைக் கேட்க உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. அந்த வீட்டுக்காகக் காத்திருக்கும் ஓர் ஏழைக் குடும்பத்தின் இடமும் அது. அதில் நீங்கள் பங்குபெற வேண்டாம்.

“இந்தியர்களுக்கு இல்லை” என்று சொன்னார்களே, அதைப் படித்தபோது என் வயிறு எரிந்தது. நான் 1996இல் தெலுக் இந்தானிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது கேட்ட அதே வார்த்தை. பிறந்து வளர்ந்த நாட்டில், வாடகைக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவரைப் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்புவது அநியாயம். வாடகை வீடுகளுக்கென்று ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அது வரும்வரை தனியார் வீட்டுக்காரர் ஒருவரை இதற்காகக் கேள்வி கேட்கச் சட்டத்தில் நேரான வழியில்லை. தம்பி, இது உங்கள் குறையில்லை. இதற்காகக் குனியவும் வேண்டாம், வாடகையைக் கூட்டித் தருகிறேன் என்று இறங்கவும் வேண்டாம். வேலை நாளை வீணாக்கிக்கொண்டு நேரில் போகும் முன்பு தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். கையில் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: நியமனக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப் அறிக்கை. கோயில் நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், மளிகைக்கடைக்காரர் வழியாகவும் விசாரியுங்கள். விளம்பரத்துக்கே வராமல் கைமாறும் வீடுகள் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் நிறைய உண்டு.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. பணம் அனுப்பாதீர்கள். நீங்கள் ஜனவரிக்கு முன் அந்த வீட்டில் குடியேறப்போவதில்லை. பின்னால் வேறு வீட்டுக்குப் பதிவுத்தொகை கட்டும்போதும் இதைச் செய்யுங்கள்: முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள், பணத்தை அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல் நிறுவனக் கணக்குக்கு அனுப்புங்கள், ஒப்பந்தம் அமையாவிட்டால் தொகை திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரிங்கிட்கூட அனுப்ப வேண்டாம்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டச் சோம்பாதீர்கள். 1,500 ரிங்கிட் வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 72 ரிங்கிட், இரண்டு ஆண்டு என்றால் 216. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வீட்டுக்காரர் வைப்புத்தொகையைத் திருப்பித் தராவிட்டால், 5,000 ரிங்கிட்வரை வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் கேட்கலாம். வாடகை பாக்கி இருந்தாலும் நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டுக்காரர் உங்களை வெளியே தள்ளிப் பூட்டு மாற்றச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி கைக்கு வரும் நாளில், சாமான்களை உள்ளே கொண்டுபோகும் முன் கைப்பேசியோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். மின்மானி, தண்ணீர்மானி எண்கள், சுவரில் ஏற்கெனவே உள்ள ஆணி ஓட்டைகள், குளியலறைத் தரை விரிசல், குளிரூட்டியின் நிலை எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கடைசி மின்கட்டண, தண்ணீர்க் கட்டண ரசீதில் நிலுவை இல்லை என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். என் முதல் அறையின் வைப்புத்தொகை 300 ரிங்கிட் திரும்பி வரவேயில்லை. தமிழ் நாள்காட்டி மாட்ட நான் அடித்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆணிக்காக. அந்த ஆணி நான் போவதற்கு முன்பே அங்கே இருந்தது. அதை நிரூபிக்க என்னிடம் ஒரு படம் இல்லை. அந்த 300 அன்று என் ஒரு மாதச் சாப்பாடு.

வேலையில் சேருமுன் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். குடிபெயர்வு உதவித்தொகை உண்டா? இரவு அழைப்புக்குத் தனிப்படி உண்டா? கட்டடத்தில் உங்கள் வாகனத்துக்கு இலவச இடம் உண்டா? நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பலன் குறைவு, முன்பே கேட்டால் ஒன்றாவது கிடைக்கும். கிடைப்பதை எழுத்தில் வாங்குங்கள். இரவுப்படி மாதம் 200 ரிங்கிட் வந்தாலே மேலே போட்ட கணக்கு மூச்சுவிடும்.

வீடு வாங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஜனவரிக்குள் யாராவது உங்களிடம் ‘வாடகைக்குப் பதில் தவணை கட்டலாமே’ என்பார்கள். முதல் இரண்டு ஆண்டு அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள். எந்த ஊரில் நிலைப்பீர்கள் என்று இன்னும் உங்களுக்கே தெரியாது. கடன் சுமை எப்போதாவது கை மீறினால் வங்கிகளிடம் பேசித் தவணையைச் சீரமைத்துத் தர ஏ.கே.பி.கே என்னும் கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைகுனிந்து வரும் இடமில்லை அது. ஒரு தவணை தவறும் முன்பே போய்விட வேண்டும்.

இன்று இரவு முகவருக்கு வேண்டாம் என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். மனைவி எழுதிய ராஜினாமாக் கடிதம் இன்னும் கைப்பையில்தான் இருக்கும் என்று நம்புகிறேன், அது அங்கேயே இருக்கட்டும். அக்டோபரில் அவருக்கு நேர்முக அழைப்பு வந்ததும் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அப்போது கிடைக்கும் சம்பளத்தை வைத்து ஜனவரிக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.